பெண் மூலம்

எங்கள் ஊர் சோழவந்தான். எழுபதுகளில் வைகையில் மணல் இருந்தது. ஆடி அமாவாசை இரவில் அந்த மணலில் துண்டை விரித்துப் படுத்தால், தெற்கே நாகமலைக்கு மேல் ஒரு தேள் கொடுக்கைத் தூக்கி நிற்கும். "அந்தக் கொடுக்குதான் உன் நட்சத்திரம்" என்று அப்பா காட்டுவார். அதை ஒட்டி இடப்பக்கம், பால் பொங்கி வழிந்தது போலப் பால்வீதி தடித்துக் கிடக்கும்.

நான் மூலத்தில் பிறந்தவள். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். மூலத்துக்காரி மாமனாருக்கு ஆகமாட்டாள் என்பது கணக்கு. 1979-இல் என் ஜாதகம் முதன்முதலாக வெளியே போனது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அம்மா கொடுத்துவிடுவாள். பத்து நாளில் மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வரும். ஏழாவது தடவை வந்தபோது மஞ்சள் உதிர்ந்து கறை மட்டும் இருந்தது. "மாமனார் இல்லாத வீடாப் பாருங்கம்மா" என்றார் தரகர். அப்படியே பார்த்தார்கள். என் கணவர் பத்து வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவர். அந்தச் சாவை எங்கள் வீடு ஒரு பொருத்தமாக எண்ணியதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

என் ஜாதகம் முதலில் வெளியே போனதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1974 பிப்ரவரியில், அமெரிக்காவின் கிரீன் பேங்கில் புரூஸ் பாலிக், ராபர்ட் பிரவுன் என்ற இருவர் என் நட்சத்திரம் இருக்கும் திசையில், பால்வீதியின் நட்டநடுவில், ரேடியோ அலை வீசும் சின்னஞ்சிறு புள்ளி ஒன்றைக் கண்டிருந்தார்கள். இங்கிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு. நடுவே தூசி மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்புக் கதிர் தூசியைத் தாண்டி வரும். அதைப் பிடித்து ரைன்ஹார்ட் கென்சல் குழுவும் ஆண்ட்ரியா கெஸ் குழுவும் தொண்ணூறுகளில் தொடங்கி வருஷக்கணக்காக அங்குள்ள நட்சத்திரங்களைத் தொடர்ந்தார்கள். எஸ்2 என்ற நட்சத்திரம் 16 வருஷத்துக்கு ஒருமுறை வெறும் இருட்டைச் சுற்றி வந்தது. 2018 மே மாதம் மிக நெருங்கியபோது நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. அப்படி ஓடவைக்க 40 லட்சம் சூரியன்களின் நிறை வேண்டும். அவ்வளவும் ஒரே கருந்துளை. அதன் விளிம்போ புதன் கிரகத்தின் பாதைக்குள் அடங்கிவிடும். 2020-இல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு. இயற்பியலில் அதைப் பெற்ற நான்காவது பெண் கெஸ்.

2022 மே 12 அன்று அந்தக் கருந்துளையின் படம் வந்தது. கலங்கிய ஆரஞ்சு வளையம், நடுவில் இருட்டு. பேத்தியின் போனில் வெகுநேரம் பார்த்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். திருக்கணித அளவில் அது மூலம் முதல் பாதத்தில் விழுகிறது. எங்கள் ஊரில் ஆகவே ஆகாது என்று ஒதுக்கும் அதே பாதம். அந்தக் கருந்துளையையும், எல்லாவற்றையும் விழுங்கும் பூதம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையில் ஒரு கருந்துளையை வைத்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும். ஒளி போகும், நாம் உள்ளே இழுபட மாட்டோம். நம் பால்வீதியின் கருந்துளைக்கு இப்போது கிடைக்கும் இரையும் சொற்பம்.

ஆவணி மூலத்தன்று மதுரையே பிட்டுத் திருவிழாவுக்குத் திரளும். அன்று சந்திரன் நிற்பதும் அந்தக் கருந்துளையின் திசைக்குப் பக்கத்தில்தான். பிட்டு வாங்கிய கையோடு நான் அண்ணாந்து பார்ப்பேன்.

போன ஆடி அமாவாசைக்குப் பேத்தியைச் சோழவந்தானுக்குக் கூட்டிப்போனேன். ஆற்றில் கருவேலம். மதுரை வெளிச்சம் தென்கிழக்கில் பாதி வானத்துக்கு ஏறியிருந்தது. பால்வீதி இல்லை. கொடுக்கின் நுனியில் இரண்டு நட்சத்திரம் மட்டும் தெரிந்தது. விரலால் அதைக் காட்டி, இடப்பக்கம் கொஞ்சம் மேலே நகர்த்தி, "இங்கேதான்" என்றேன்.

மறுவாரம் தம்பி மகளுக்கு ஒரு வரன். போனை நான்தான் எடுத்தேன். பெண் என்ன நட்சத்திரம் என்று கேட்டார்கள்.

"மூலம். முதல் பாதம்."

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.

"பையனுக்கு அப்பா இருக்காருங்க" என்றது குரல்.