கட்சி மாற முடியாத ஆட்டம்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில், அணியை விட்டு விலகிய மறிப்பாளர் ஒருவர் பழைய அணி மறித்த முறையைக் குறைகூறினால் ரசிகர்கள் கொதிப்பது ஏன்? மட்டக்களப்பில் இதற்கு மருந்து உண்டா? (படுவான்கரை வாசகர்)

பதில்: பந்தை ஏந்தி ஓடும் சகவீரருக்கு வழிதிறக்க எதிராளிகளை உடலால் தடுக்கும் ஐவரே அவ்வாட்டத்தின் மறிப்பாளர்கள். அவர்கள் ஆளுக்கு ஆள் தடுப்பதா, ஆளுக்கொரு பரப்பைக் காப்பதா என்பது பயிற்றுநரின் முடிவாதலால், விலகியபின் அதைப் பழிப்பவர் சம்பளம் நின்றபின்தான் உண்மையைக் கண்டாரா என்று ரசிகர் கேட்பது இயல்பே. மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கண்ணகியம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டோ, அதாவது வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இரு கட்சியார் இழுக்கும் சடங்காட்டமோ, இச்சிக்கலை முளையிலேயே கிள்ளிவிட்டது. கோவலனைச் சார்ந்த வடசேரி, கண்ணகியைச் சார்ந்த தென்சேரி என்னும் கட்சிகள் பிறப்புவழி அமைந்தமையால், அங்கு விலகுவோரும் இல்லை, விலகியபின் குறைகூறுவோரும் இல்லை. வென்றவர் தோற்றவரைப் பாட்டால் இகழ்வதும் மரபாதலால், மனத்தாங்கல் களத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஒப்பந்தமே எழுதாத ஆட்டத்தில், ஒப்பந்தம் முடிந்தவரின் பேட்டிக்கு இடமில்லை.