அடுப்பை அடைச்சுட்டுப் புகைக்கு மருந்து

வாங்க மாப்ளே, உக்காருங்க. அந்த டப்பாவை இப்படிக் காட்டுங்க. ஆயிரத்து எண்ணூறு ரூவாயா! ஆன்டி ஆக்ஸிடன்ட்டாம், தின்னா சக்கரை கிட்டவே வராதாம். சொன்னது யாரு? சிப்காட்டுல உங்ககூட வேலை பாக்குறவரு. விக்கிறதும் அவரேதான். நல்ல சகவாசம்.

என் பேத்தி நர்சிங் படிக்குது. அது பரிட்சைக்கு உரக்கப் படிச்சா, நான் திண்ணையில படுத்துக்கிட்டே பாஸாயிடுவேன். கேளுங்க. செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு அடுப்பு மாதிரி ஒண்ணு இருக்குது. அளவா வெறகு வச்சா தணல், வாய் கொள்ளாம திணிச்சா புகை. ரத்தத்துல சக்கரை ஏறுனா, கண்ணு, கிட்னி, நரம்புல இருக்கிற சில செல்லுங்களுக்குப் போதும்னு கதவைச் சாத்தத் தெரியாது. வந்ததையெல்லாம் வாங்கி எரிச்சு, சூப்பராக்சைடுங்கற புகையைக் கக்குது. ரத்தக்குழாய் கெடறது அதுலதான் ஆரம்பிக்குதுன்னு 2004ல எடுத்துச் சொன்னவரு நியூயார்க் டாக்டர் மைக்கேல் பிரவுன்லீ. அவருக்கே சின்ன வயசுலேர்ந்து சக்கரை. இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லு இன்னும் பாவம். புகையை அடக்குற கேட்டலேஸ் மாதிரி நொதி அதுக்கிட்ட ரொம்பக் கம்மி. அது சோந்தா சக்கரை ஏறும், சக்கரை ஏறுனா அது இன்னும் சோரும். சென்னையில டாக்டர் மோகன் குழு 2005ல பாத்தப்ப, சக்கரைக்காரங்களுக்குக் குரோமோசோம் நுனியே தேஞ்சு கெடந்துச்சாம்.

அப்ப புகைக்கு மாத்திரை போட்டா தீந்துச்சேன்னு கேப்பீங்க. கெட்டிக்காரரு! வெளிநாட்டுலயும் உங்களை மாதிரி கெட்டிக்காரங்க இருந்தாங்க. ஹோப்னு ஒரு ஆராய்ச்சி, 9,500 பேருக்கு மேல, அதுல சக்கரைக்காரங்க மட்டும் 3,600 பேருக்குக் கொறையாது. பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, அதுவும் ஆன்டி ஆக்ஸிடன்ட்தான், தெனம் 400 யூனிட்டு, நாலரை வருசம். 2000ல முடிவு வந்துச்சு. மாரடைப்பு ஒண்ணும் கொறையல. மாத்திரை வித்தவன்தான் மாடி கட்டியிருப்பான்.

நீங்க என்ன பண்றீங்க? நைட் ஷிப்டுல ரெண்டு போண்டா, சக்கரை தூக்கலா டீ. விடிஞ்சதும் வந்து குப்புறப் படுக்கறது. எந்திரிச்சதும் டப்பாவுலேர்ந்து ஒண்ணு. அடுப்புக்கு என்ன கவனிப்பு, என்ன கவனிப்பு!

நான் களி தின்னு வளந்தவன். அதுக்காக ராகியைத் தலைமேல தூக்கி வச்சு ஆட மாட்டேன். நைசா அரைச்ச மாவுல மூணு உருண்டை முழுங்கிட்டுக் கட்டில்ல சாஞ்சா, அதுவும் சக்கரையாத்தான் ஏறும். எங்கப்பன் தின்னுட்டு ஏரு பூட்டுனான். நீங்க தின்னுட்டுப் பைக்கைப் பூட்டறீங்க.

சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு, சக்கரை வர்ற வாசல்ல நின்ன 531 பேரை மூணு வருசம் பாத்து 2006ல எழுதுச்சு. சாப்பாட்டைத் திருத்தி நடக்க வச்சவங்களுக்கு ஆபத்து நூத்துக்கு 28 பங்கு கொறஞ்சுச்சு. நடக்கறதுக்கு டப்பா கெடையாது, அதான் யாரும் உங்ககிட்ட விக்கல.

முதல்ல சக்கரை எவ்வளவுன்னு பாத்தீங்களா? மக்களைத் தேடி மருத்துவம்ங்கற திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு முதலமைச்சர் தொடங்கி வச்சதே நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலதான். இப்ப வாசலுக்கே வந்து விரல்ல குத்திப் பாக்கறாங்க. போன வாரம் அப்படிக் குத்திப் பாக்கற அம்மா வந்தப்ப, கோழியைத் தேடறேன்னு கொல்லைப்பக்கம் நழுவிட்டீங்களாமே? இன்னிக்கும் வர்றாங்க மாப்ளே. கோழியை நான் ஏற்கெனவே கூடையில கவுத்தாச்சு.