உடைத்தவர் யாருமில்லை

எங்கள் வீட்டில் இதுவரை யாரும் எதையும் உடைத்ததில்லை. ஆனால் நிறைய உடைந்திருக்கிறது. போன வாரம் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. அதற்கு முன்னால் டிவி ரிமோட்டின் மூடி காணாமல் போனது, பால் பொங்கி வழிந்தது, என் மூக்குக் கண்ணாடியின் காது ஒடிந்தது. எல்லாம் தானாகவே நடந்தவை.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த என் பேரனுக்குப் பத்தாம் வகுப்பில் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் வரவில்லை என்று டியூஷனிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மந்தைவெளியில் டியூஷன் என்பது காய்கறி மாதிரி, தெருவுக்குத் தெரு கிடைக்கும். இருந்தாலும் பையனைத் தேற்றும் பொறுப்பு ரிடையரான என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தது யார் என்று எழுதாமலே குடும்பஸ்தர்களுக்கு விளங்கும்.

விதி என்னவோ எளிதுதான். ராமன் மாம்பழத்தைத் தின்றான் என்றால் தின்றவன் முன்னால் நிற்கிறான். மாம்பழத்தை முன்னால் கொண்டுவந்து, ‘ஏட்’ என்பதை ‘வாஸ் ஈட்டன்’ ஆக்கி, ராமனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பி, அவனுக்கு முன்னால் ‘பை’ என்று ஒரு சொல்லைப் போட்டால் பாசிவ். காலம் மட்டும் மாறக் கூடாது. தூங்கினான், ஓடினான் போன்றவற்றில் இந்த வித்தை பலிக்காது; முன்னால் கொண்டுவரச் செயப்படுபொருள் இல்லை.

“தாத்தா, அந்த ‘பை ராமா’வைப் போடாம விட்டா என்ன?”

“செஞ்சது யாருன்னு தெரியலைன்னா விட்டுடலாம். தெரிஞ்சும் முக்கியமில்லைன்னா விட்டுடலாம்.”

“சொன்னா அவன் மாட்டிப்பான்னா?”

“அப்பவும் விட்டுடலாம்.”

பையனுக்கு ஆங்கில இலக்கணத்தின் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை வைத்துத்தான் இந்தப் பாடம் நடந்தது. அதில் பாதி ஆளான பி.சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். இலக்கணத்தோடு நிற்காமல் 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்று ஒரு நாவலும் எழுதி உலகப் புகழ் பெற்றார். விளக்கு அணைந்த நேரத்தில் ஒரு நீலக்கல் காணாமல் போகிறது. எடுத்தது யார் என்று தெரியவில்லை. அண்ணன் தம்பி மூவரும் பழியைத் தத்தம் தலையில் போட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போய்ப் பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்கிறார்கள். ‘வாஸ் ஸ்டோலன்’ இருக்கிறது, ‘பை’ இல்லை. மொத்தக் கதையும் அவ்வளவுதான். எங்கள் வீட்டில் டம்ளருக்காக யாரும் பட்டாளத்தில் சேர முன்வரவில்லை.

முன்வரத் தேவையும் இல்லை. தமிழனுக்குப் பாசிவ் எதற்கு? உடைந்தது, உடைத்தான். கவிழ்ந்தது, கவிழ்த்தான். கிழிந்தது, கிழித்தான். நடுவில் ‘ந்த’ என்று மெல்லினம் வந்தால் நிரபராதி. ‘த்த’ என்று வல்லினம் வந்தால் குற்றவாளி. மூன்று வயதுக் குழந்தைகூட “உடைச்சேன்” என்று சொல்லாது, “உடைஞ்சிடுச்சு” என்றுதான் சொல்லும். எந்த டியூஷனில் படித்தது?

தொல்காப்பியருக்கே இது தெரிந்திருக்கிறது. செயப்படுபொருளையே செய்தவன் போலப் பேசுவது உலக வழக்குதான் என்று வினையியலில் அனுமதி கொடுத்துவிட்டார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் உதாரணம், திண்ணை மெழுகியது. குனிந்து குனிந்து மெழுகிய அம்மாளின் இடுப்பு வலி எந்த உரையிலும் ஏறவில்லை.

1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், செயப்பாட்டுவினைக்கென்று இந்த மொழிகளில் தனி விகுதி கிடையாது என்று கண்டு எழுதினார். ‘படு’வைத் துணைக்குக் கூப்பிட்டுத்தான் நாம் சமாளிக்கிறோம். அவஸ்தைப்படு, கஷ்டப்படு என்பதில் வரும் அதே படு. பேசும்போது யாரும் அதைச் சீண்டுவதில்லை. அது குடியிருப்பது அரசாங்க ஆபீஸில். நான் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று எழுதியே பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். எடுப்பது யார் என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை, அவருடைய குறிப்பும் அதே நடையில் இருந்ததால்.

மறுநாள் பாடம் கட்டளை வாக்கியம். கதவைச் சாத்து என்பதைப் பாசிவ் ஆக்கினால் ‘லெட் த டோர் பி ஷட்’. கதவு சாத்தப்படட்டும். கேட்கவே சிவாஜி தர்பார் மாதிரி இருந்ததால் நானும் உள்ளே பார்த்து, “காபி கொண்டுவரப்படட்டும்!” என்றேன்.

“டிகாக்‌ஷன் இறங்கலை” என்று பதில் வந்தது.

கவனியுங்கள். ‘நான் இன்னும் போடவில்லை’ என்று சொல்லவில்லை. ஃபில்டர் இருக்கிறது, பொடி இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. இறங்காதது டிகாக்‌ஷனின் சொந்த முடிவு. முப்பது வருஷம் கோப்பு எழுதிய எனக்கு இந்தச் சுருக்கம் கைவந்ததில்லை.

வெளியே போனாலும் பாடம்தான். ரயில்வே ஸ்டேஷனில் பயணிகள் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. கேட்டுக்கொள்பவர் எந்த அறையில் இருக்கிறார் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். எங்கள் தெருமுனையில் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டி: ‘சாலை தோண்டப்பட்டுள்ளது. பணி நடைபெறுகிறது.’ முதல் வாக்கியத்தில் ‘பை’ இல்லை. இரண்டாவதில் பணி தானே எழுந்து நடைபெறுகிறது. பள்ளத்தில் ஆள் ஒருவரும் இல்லாததால் அதுவும் உண்மையாக இருக்கலாம்.

வினாத்தாள் தயாரிக்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ராமனையும் மாம்பழத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பழம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக எங்கள் தெருமுனைத் தட்டியை அப்படியே அச்சடித்து, ஆக்டிவ் வாய்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். தோண்டியது யார் என்று பெயரோடு எழுதும் பிள்ளைக்கு இரண்டு மார்க் போதாது, பத்தாகக் கொடுங்கள். விடைத்தாளின் நகல் ஒன்றை எங்கள் தெருவுக்கும் அனுப்பிவையுங்கள்.