ஐந்திணை டயர்: ஸ்ரீ கெம்பாங்கான் பிக்கப் வண்டிகளின் நிலமும் பொழுதும்

1. ஆய்வுப் பொருள்

ஸ்ரீ கெம்பாங்கானில் ஓடும் பிக்கப் வண்டிகள் பலவற்றின் காலில் 'ஆல் டெரெய்ன்' டயர். எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று பொருள். எல்லா நிலம் என்றால் எத்தனை என்று டயர்க் கடைத் தவுக்கே சொல்வதில்லை. தமிழனுக்கு அந்தச் சந்தேகமே வராது. ஐந்து. ஆகவே இது ஐந்திணை டயர்.

மாதிரி: ஒரே ஒரு ஹைலக்ஸ், மச்சானுடையது. டயர் அளவு 265/65ஆர்17. ஆய்வாளர் இடப்பக்க இருக்கையில் ஓசியாக அமர்ந்து தரவு திரட்டினார்.

2. சொல்லாராய்ச்சி

டயரின் வெட்டுகளை மலாய்க்காரர் 'பூங்கா' என்பர்; பூ என்று பொருள். தேய்ந்து வழுவழுப்பானால் 'போத்தாக்', அதாவது மொட்டை. மொட்டு பூவாவது இயற்கை. பூ மொட்டையாவது டயர். இவ்வகை டயர் புதிதில் 10 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகப் பூத்திருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் சட்டப்படி மொட்டை.

ஜாதகம் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடைசி நான்கு இலக்கம் 2223 என்றால் 2023ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் ஜனனம். மச்சான் டயரில் கூடுதலாக ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் உண்டு: கடும் பனியில் ஓட்டத் தகுந்தது என்ற முத்திரை. இவ்வட்டாரத்தில் பனிக்கட்டி கிடைப்பது ஐஸ் கச்சாங்கில் மட்டும் என்பதைப் பதிவு செய்கிறோம்.

3. நில வரலாறு

ஒரு காலத்தில் இங்கே ஆல் டெரெய்ன் டயருக்கு வேலை இருந்தது, டயர்தான் இல்லை. மைன்ஸ் பேரங்காடிக்குப் பக்கத்து ஏரி, உலகின் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்றாக இருந்த பள்ளம். அவசரகாலத்தில், 1950களின் தொடக்கத்தில், செர்டாங் பாரு புதுக்கிராமமாக அமைந்ததே இன்றைய ஊர். 1877இல் சிங்கப்பூருக்கு வந்திறங்கிய 22 ரப்பர் கன்றுகளின் வம்சம் நாடெங்கும் காடாக வளர்ந்தபோது, நம் பாட்டன்மார் அந்தக் காட்டுச் சேற்றில் வெறுங்காலோடு நடந்தார்கள். சேற்றுக்கெல்லாம் தார் போட்டு முடித்தபின் சேற்று டயர் வந்து சேர்ந்தது.

4. திணைப் பகுப்பு

*குறிஞ்சி.* மலை: பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தில் மாடிக்கு மாடி வளைந்தேறும் ஏற்றம். உரிப்பொருள் புணர்தல்: உச்சியில் தொங்கும் உயரக் கம்பியும் வண்டியின் ஏரியலும் 'டக்' என்று கூடுதல்.

*முல்லை.* உரிப்பொருள் இருத்தல்: பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருப்பது. முல்லைக்குப் பெரும்பொழுது கார். இங்கேயும் கார்தான், முன்னால் நாற்பது நிற்கும். இடப்பக்க டயர் இரண்டையும் ஓரப் புல்லில் ஏற்றி நிறுத்துவார் மச்சான். அன்றைய காட்டுப் பயணம் அவ்வளவே.

*மருதம்.* பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். "ஏரோபிளேன் எறங்குற மாதிரி சத்தம் கேக்குது, இதுக்கா இவ்ளோ காசு?" என்பது மச்சான் வீட்டம்மா கூற்று. அதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு. பூக்களுக்கிடையே உள்ள அகன்ற பள்ளங்களில் அகப்படும் காற்று, தரையில் நசுங்கி, பிறகு பீறிட்டு வெளியேறும்போது எழுவதே அந்த 'ஊங்'. இதற்கு மறுமொழியாக மச்சான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

*நெய்தல்.* பொழுது எற்பாடு: பின்னேரம் நான்கு மணி மழையும், லோங்காங் நிரம்பிச் சாலைக்கு வரும் வெள்ளமும். உரிப்பொருள் இரங்கல். தண்ணீருக்குள் ஓடும் வண்டியை நிற்க வைப்பது டயரல்ல. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் போனால் ஆட்டம் முடிந்தது. ஈரத் தாரில் பிரேக் அடித்தாலும், சாதா டயர் நின்ற இடத்தைத் தாண்டித்தான் இது பெரும்பாலும் நிற்கும். சாதா டயரைவிடப் பள்ளம் அதிகமாதலால் தாரைத் தொடும் பரப்பு குறைவு.

*பாலை.* இதற்குத் தனி நிலமில்லை என்பது இலக்கணம். சுங்கை பீசி நெடுஞ்சாலையில் மைன்ஸ் டோலுக்கு முன் வரிசையில் நிற்பவருக்கு அது விளங்கும். உரிப்பொருள் பிரிதல்: டோலுக்குக் கொஞ்சம் காசு, டீசலுக்கு நிறையக் காசு. கனத்த டயரை உருட்டக் கூடுதல் எண்ணெய் வேண்டும்.

5. கிடைத்த தொல்பொருள்கள்

ஞாயிறு காலை மச்சான் தே தாரிக்கோடு குந்தி, ஸ்குரூ டிரைவரால் டயர்ப் பூக்களை நோண்டுவார். ஒரு மைலோ டின்னில் சேர்ந்தவை: தார் ஒட்டிய கற்கள், ஒரு சோடா மூடி, சாத்தே குச்சியின் முனை, யாருடைய வீட்டுக் கதவிலிருந்தோ கழன்ற திருகாணி. சேறு, தேடியும் கிடைக்கவில்லை.

6. விதிவிலக்கு

இந்த டயருக்கு இங்கே வேலையில்லை என்ற கருதுகோள் ஒரே ஒருமுறை ஆட்டம் கண்டது. கோயில் திருவிழா, பக்கத்துத் திடலில் வண்டிகள், இரவு கொட்டிய மழை. ஓர் இளைஞரின் மைவி, புல்லைக் கிழித்துச் சேற்றில் சுழன்றது. மச்சான் ஃபோர் வீலைத் தட்டினார், கயிறு கட்டினார், இழுத்தார். மைவி வெளியே வந்தது. கூட்டம் கைதட்டியது. நான்கு டயரின் விலையை மீட்ட மைவிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், விடையும் அதே விலைதான். ஆனாலும் மச்சான் முகத்தில் அன்று கண்ட ஒளிக்கு ரிங்கிட்டில் அளவில்லை.

பின்னிருக்கையில் மாமா இருந்தார். தோளில் காண்டாவும் இருபக்கமும் பால் வாளியுமாகத் தோட்டத்து மேடுபள்ளமெல்லாம் நடந்தவர். ரப்பரைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர ஆளில்லை. கண்ணாடியை இறக்கி மைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம டயரு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தம்பி காடில டயரு மொட்டை. அதான் மாட்டிக்கிச்சு. பூ இருந்திருந்தா அதுவே ஏறி வந்திருக்கும்."

7. முடிவுரை

ஆல் டெரெய்ன் டயர் தன் தகுதியை ஐயமற நிலைநாட்டியது. மாமாவின் கருத்து, மச்சானின் வேண்டுகோளுக்கிணங்க, இம்முடிவில் சேர்க்கப்படவில்லை.