பிளக் பார்த்தாச்சா?

இனிமேல் யாராவது "பிளக் பார்த்தாச்சா?" என்று கேட்டால், அவர் கோயில் தலைவரோ சம்பந்தியோ, மரியாதைக்கு நான் பொறுப்பில்லை. பார்த்தாச்சு. மாத்தியாச்சு. பிளக், பிளக் கேபிள், ஏர் ஃபில்டர் எல்லாமே புதுசு. காடி இன்னமும் திணறுகிறது.

பிளெந்தோங் பக்கமிருந்து பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஏறும்போதுதான் அதற்கு யோசனை வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு விக்கல். பிறகு ஒரு குலுக்கல். அதன் பிறகுதான் இழுவை. அதற்குள் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி கண்ணாடி முழுக்க நிறைந்து ஹாரனை அழுத்திக்கொண்டு நிற்கும். லாரிக்காரர் நல்லவர். ஹாரன் மட்டும்தான் அடிக்கிறார், பிளக்கைப் பற்றி விசாரிப்பதில்லை.

என்ன காடி என்று சொல்ல மாட்டேன். பெயரும் வருஷமும் காதில் விழுந்த மறு நொடி, "ஓ, அதுவா! அதுல என்னா தெரியுமா பிரச்சினை?" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். இருபது வயதைத் தாண்டியது, இஞ்செக்‌ஷன் எஞ்சின். இதற்கு மேல் கேட்காதீர்கள். கோளாறு என்ன என்பதை நானே கண்டுபிடித்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மலேசியாவில் 1985இல் சாகா காடி வந்தது. 1993இல் வீரா, மறு வருஷம் 660 சிசியில் கஞ்சில். இந்த மூன்றில் ஒன்றை ஓட்டிய ஆண்பிள்ளை எவரும் சாகும்வரை மெக்கானிக்தான். சான்றிதழ் தேவையில்லை. அவர்கள் வைத்தியத்துக்கு ஒரே விதி: தன் காடியில் கடைசியாக எதை மாற்றினாரோ, அதுதான் என் காடிக்கு வியாதி. குளுவாங் பெரியப்பா மகன் போன வருஷம் பெட்ரோல் பம்ப் மாற்றினார், அதனால் எனக்குப் பம்ப். ஸ்கூடாயில் கணக்கு எழுதுகிற நண்பர் த்ரோட்டல் பாடியைக் கழுவினார், அதனால் எனக்குக் கழுவல். இன்னொருவர் ரோன்97 அடிக்கச் சொன்னார். மைகார்டைக் காட்டினால் ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைக்கும் என்று 2025 செப்டம்பர் கடைசியில் அரசாங்கம் திட்டம் கொண்டு வந்த பிறகும் இப்படி ஒரு யோசனை. அந்த 97 என்பது பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்கிற கணக்கு, சத்து மாத்திரை இல்லை என்றேன். "நான் போட்டுப் பார்த்தேன்ணே, காடி பறக்குது" என்றார். பறக்கட்டும்.

இவர்களைக்கூட மன்னிக்கலாம். காதால் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உலு திராமில் ஒரு கல்யாணம். ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் பாதிப் பேர் வேலையைச் சாக்குச் சொல்லி வரமாட்டார்கள். 2025 ஜனவரியிலிருந்து ஞாயிறு திரும்பக் கிடைத்ததில் எல்லா நிபுணர்களும் ஒரே மண்டபத்தில். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாரோ பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை. பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். வலது கையைத் தூக்கினார். கூட்டம் அடங்கியது. கண்ணை மூடினார்.

"எண்ணெய அமுக்கு."

அமுக்கினேன். எஞ்சின் உறுமியது.

"விடு."

விட்டேன்.

"மறுபடியும். மெதுவா. ம்ம்... இப்ப கேட்டுச்சா?"

"இல்லைங்க."

"அதான்."

அதான் என்றால் எதான்? கேட்கக் கூடாது. அவர் பின்னால் நின்ற இரண்டு பேர் தலையாட்டிவிட்டார்கள். அடுத்தவர் வந்தார், இடது பக்கமாகக் காதை வைத்தார். "எண்ணெய அமுக்கு." இவருக்கு டிக் டிக் என்று கேட்டது, முன்னவருக்குக் கேட்டது சீத் சீத். இருவருக்கும் வாக்குவாதம். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆளாக, கூலாய் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற தாத்தா வரவழைக்கப்பட்டார். அவருக்குச் செவி மந்தம். பானெட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, "நடுக்கம் இருக்கு" என்றார். நடுக்கம் அவர் கையில். சொல்ல முடியுமா? மறுபடியும் எண்ணெய அமுக்கினேன். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்து எட்டிப் பார்த்து, "பிளக் பார்த்தாச்சா மாமா?" என்றான். தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகவில்லை.

நின்ற இடத்தில் நியூட்ரலில் உறுமவிட்டுத் திணறலைக் கண்டுபிடிக்கப் பார்ப்பது, மூச்சு வாங்குகிறது என்று வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து "நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்வது மாதிரி. பத்துமலையின் 272 படியையும் ஏறச் சொல்லிப் பாருங்கள், தெரியும். நியூட்ரலில் எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறது, வேறு பாரமில்லை. ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் உள்ளே காற்று நிறையப் புகும், அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் தீப்பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். காற்று வந்த வேகத்துக்குப் பெட்ரோலும் வர வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தாலும், பம்ப் தளர்ந்திருந்தாலும் விக்கல் அப்போதுதான் வரும். கல்யாண மண்டப வாசலில் வராது.

கேபிள் சந்தேகத்தை நானே தீர்த்துக்கொண்டேன். ராத்திரி போர்ச் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால் பழைய கேபிள்மேல் எட்ட நின்று லேசாகத் தண்ணீர் அடித்தேன். ரப்பர் மேல் மெல்லிய நீலக்கோடு நெளிந்து எஞ்சின் இரும்புக்குத் தாவியது, டப் டப் என்ற சத்தத்தோடு. பக்கத்து வீட்டு அண்ணன் வேலி மேல் சாய்ந்து பார்த்தார். புதுக் கேபிள் போட்டேன். நீலம் போனது. திணறல் அப்படியே.

பெட்ரோல் அழுத்தத்தைப் பார்க்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். ஒரு கேஜை மாட்டி, இப்படிப்பட்ட எஞ்சினில் ஏறக்குறைய 3 பார் நிற்கிறதா, மிதிக்கும்போது விழுகிறதா என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. தவுக்கே கேஜைத் தேடவே இல்லை. "எதுக்கு பாஸ், பம்ப மாத்திப் பார்ப்போம்" என்றார். மாத்திப் பார்த்து, சரியாகவில்லை என்றால் அடுத்ததை மாத்திப் பார்த்து, கடைசியில் பழைய காடியில் ரோட் டாக்ஸ் மட்டும்தான் பழசாக இருக்கும். அளந்து பார்ப்பதில் இவர்களுக்கு என்னதான் கசப்பு என்று தெரியவில்லை. வைத்தியர் இப்படிச் சொன்னால் விடுவார்களா?

"வித்துடுங்க" என்கிற கட்சியும் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பத்து வருஷத்தில் காடி வைத்திருக்கும் உரிமமான சிஓஇ முடிந்துவிடும், மறுபடி பணம் கட்டு, இல்லையென்றால் காடியைக் கழித்துவிடு. நம் நாட்டில் 2009 அக்டோபரில் 15 வயதான காடிகளை வருஷா வருஷம் சோதிப்போம் என்று ஒரு கொள்கை வந்தது. எழுந்த கூச்சலில் சில வாரங்களில் கைவிட்டார்கள். அன்றைக்குக் கூச்சல் போட்டவர்கள்தான் இன்று என்னை விற்கச் சொல்கிறார்கள்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். நான் கண்டுபிடித்தது என்னவென்றால், வாசலில் ஹாரன். மாசாயிலிருந்து மச்சான் வந்திருக்கிறான், கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பிளாஸ்டிக் பை.

"மாமா, பெட்ரோல் பம்ப். என் பழைய காடில இருந்து கழட்டுனது. மாட்டிப் பார்ப்போமா?"

"அதை ஏன்டா கழட்டுன?"

"காடி திணறுச்சு. புதுசு மாத்துனேன்."

"மாத்துனதும் சரியாப் போச்சா?"

"இல்ல மாமா, பிளக்குதான் பிரச்சினை. இந்த பம்பு நல்லாத்தான் இருக்கு."