சோர்வு நீக்கலில் டார்க் காமெடியின் பங்கு: கல்வராயன் மலையடிவார நோக்கில் ஓர் ஆய்வு

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் நோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்குப் பெரிதன்று. சும்மா விட்டுவிடும் அளவுக்குச் சிறிதும் அன்று. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புச் சோறு உள்ளே போனபின், கள்ளக்குறிச்சி வெயில் மொட்டைமாடியைக் காய்ச்சும் நேரத்தில் வருவது. நோயாளிக்கு எங்கும் வலியில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல, ஒரு மாதிரியா இருக்கு" என்பார். போனைத் திறப்பார், மூடுவார், ஃபேனைப் பார்ப்பார். ஊர் சொல்லும் வைத்தியம் இரண்டு. ஒன்று, எங்காவது போய்வருவது. கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலை ஏறி, வளைவுகளில் வயிறு புரண்டு, மேகம் அருவியில் தண்ணீர் வற்றிய மாதமாகவும் அமைந்துவிட்டால், திரும்பி வருபவருக்குச் சோர்வோடு இடுப்புவலியும் சேர்கிறது. மற்றொன்று, கலகலப்பான படம். அது பார்ப்பவரைச் சிரி, சிரி என்று நச்சரிக்கிறது. சிரிப்பு வராததுதானே நோய்! ஆகவே பிணம், கடத்தல், கடன் இவற்றை வைத்துச் சிரிக்கவைக்கும் படமே உரிய மருந்து என்பது நம் துணிபு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்த வீட்டிலும் குடிவைத்தார். அழுகைக்கு அவர் காட்டும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதல் பட்டியலில் சரக்கை வாங்கி இரண்டாவதன்படி சமைத்தால் டார்க் காமெடி. (உரையாசிரியர்கள் இதற்கு உடன்படுவார்களா என்பது வேறு ஆய்வு.) 1987இல் வந்த சிங்கீதம் சீனிவாசராவின் 'பேசும் படம்' இதற்குச் சான்று. வேலையில்லாப் பட்டதாரியான கமல்ஹாசன், போதையில் கிடக்கும் பணக்காரர் ஒருவரைத் தன் அறையில் கட்டிப்போட்டுவிட்டு, அவருடைய நட்சத்திர ஓட்டல் அறையில் போய் வாழ்கிறார். கட்டிப்போட்டவருக்குச் சாப்பாடு போட்டால் அதன் விளைவும் உண்டல்லவா? அதைப் பெட்டியில் அடைத்து, பரிசுப் பொருள்போல வண்ணக் காகிதம் சுற்றி, வெளியே கொண்டுபோய்த் தொலைக்க வேண்டியிருக்கிறது. இளிவும் வறுமையும் ஒரே பொட்டலத்தில்! பார்ப்பவரோ, யாரும் பிரித்துவிடக் கூடாதே என்று பதறுகிறார். சொந்தமாக ஒரு கவலைகூட இல்லாமல் சோர்ந்து கிடந்தவருக்கு நல்ல கவலை ஒன்று வாடகைக்குக் கிடைத்துவிட்டது. எழுந்து உட்கார அது போதும்.

இதெல்லாம் சினிமா கெடுத்த புத்தி என்பவர்கள் இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்க்காதவர்கள். இறந்தவருக்குக் காரியம் செய்யும் இரவில் 'கர்ண மோட்சம்' வைப்பது வடமாவட்டங்களில் உள்ள வழக்கம். கர்ணன் சாகப்போவது எல்லாருக்கும் தெரியும்; அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் போயும் விட்டார். அங்கே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து, கிரீடம் வைத்த ராஜாவையே நக்கலடிக்கிறான். துக்க வீட்டார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், விடியற்காலையில் கர்ணனுக்காக அழுகிறார்கள். முன்னது பின்னதைக் கெடுத்ததாக யாரும் கூத்துக்காரர் கூலியைப் பிடித்தம் செய்வதில்லை.

ஓர் எதிர்ப்பை மட்டும் விளையாட்டாகத் தள்ள முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு சாவை வைத்துச் சிரிப்பதா? செத்தவரைப் பார்த்துச் சிரிக்கும் படம் நம் பரிந்துரையில் இல்லை. 'பேசும் படம்' கதையில் பிச்சைக்காரர் ஒருவர் தெருவில் செத்துக் கிடக்க, அவருடைய பணத்துக்கு மக்கள் அடித்துக்கொள்வார்கள். அங்கே எள்ளப்படுவது பிணமன்று, உயிரோடிருப்பவர்கள். மேலும் இம்மருந்து சோர்வுக்குத்தான். துக்கத்துக்குத் தரவே கூடாது. கூத்துக்கும்கூட காரியம் வரை பொறுக்கிறார்கள்.

பயன்படுத்தும் முறை: முதல் வேளைக்கு, ஆள்கடத்தலுக்கு விதிமுறை வகுத்த 'சூது கவ்வும்' (2013). கேட்கவில்லையென்றால் 'பேசும் படம்'. அதில் வசனமே இல்லாததால், பக்கத்தில் கிரைண்டர் ஓடினாலும் குணம் குறையாது.