மொய் நோட்டு என்னும் மூலச்சான்று: மேலூர் வட்டார வம்சாவளி ஆய்வில் ஒரு மறுவாசிப்பு

மேலூர்ப் பக்கம் வம்சாவளி எழுதக் கிளம்புகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி, வீட்டுக்கு மூத்தவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் திரட்டி, மூன்று தலைமுறை ஏறியதும் ஒரு பெரியகருப்பனிடம் போய் முட்டிக்கொள்கிறார்கள். பெரியகருப்பனுக்கு அப்பா ஆண்டி என்பார் ஒருவர். இல்லை, பெரியகருப்பன் மகன்தான் ஆண்டி என்பார் இன்னொருவர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். ஆய்வாளருக்கு அலுத்துவிடும். இதற்கு மேல் ஆதாரம் இல்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதி நோட்டைப் பரணில் போட்டுவிடுவார். அந்தப் பரணிலேயே, பக்கத்து டிரங்குப் பெட்டியில், ஆதாரம் மஞ்சள் தடவிய மூலைகளோடு கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். மொய் நோட்டை முதல் சுற்றில் யாரும் பார்க்காமல் விடுவதில்லை. பார்க்கிறார்கள், கடைசிப் பக்கத்தில் மொத்த வரவு எவ்வளவு என்று பார்த்து மூடிவிடுகிறார்கள்.

கையிலிருந்த சான்றையே திரும்ப வாசித்துப் பலன் கண்டதற்கு முன்னுதாரணம் தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. மாங்குளம் மலைக் குகைகளில் கிமு 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராபர்ட் சிவெல் 1882இலேயே அவற்றைக் கண்டு சொல்லிவிட்டார். ஆனால் அந்த வகைக் குகை எழுத்துகளின் மொழி தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டும் வரை கல் வாய் திறக்கவில்லை. ழ, ற, ன போன்ற எழுத்துகளுக்கெனத் தனி வடிவங்கள் அங்கே இருந்ததைக் கவனித்தது அவர் கண். அதன் பிறகும், அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருப்பதை ஐராவதம் மகாதேவன் வாசித்துச் சொல்ல 1965 ஆயிற்று. சிவெல் காலத்துக்கும் இதற்கும் இடையே 83 ஆண்டுகள். இத்தனை ஆண்டும் புதிதாக ஒரு வரிகூடக் கல்லில் யாரும் வெட்டிச் சேர்க்கவில்லை.

அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது நம் வாதத்துக்கு இன்னும் முக்கியம். கணிநந்தன் என்ற சமண முனிவருக்குக் கற்படுக்கை செய்து கொடுத்தவர்களின் பெயர்கள். ஒருவர் கடலன் வழுதி, அரசனின் பணியாளர். இன்னொருவர் சடிகன், அவர் யார் என்றால் இளஞ்சடிகனின் தந்தை, இளஞ்சடிகன் யார் என்றால் நெடுஞ்செழியனுக்கு மைத்துனன் முறை. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் கொடுத்திருக்கிறது. பெயர், ஊர், உறவுமுறை, கொடுத்தது இன்னது. மொய் டேபிளில் உட்கார்ந்து பழகியவர் எவரும் இதை அரை நிமிஷத்தில் இனம் கண்டுகொள்வார். வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றே செய்முறைக் கணக்குதான் என்று சொன்னால் கல்வெட்டு அறிஞர்கள் முகம் சுளிக்கலாம், மறுப்பது கடினம்.

இனி நோட்டுக்கு வருவோம். முதல் பக்க உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்கு அடியில் பதினெட்டாம்படிக் கருப்பு துணை என்றோ வேறு சாமி பெயரோ இருக்கும். முதல் சுற்று ஆய்வாளர் இதைப் பக்தி என்று தள்ளிவிடுகிறார். அது விலாசம். அந்தச் சாமிக்கு மாசிப் பச்சைக்கு எந்த ஊர்க்காரர்கள் வந்து பொங்கல் வைக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால், காணாமல்போன பங்காளி வகையறா பாதி அங்கேயே நிற்கும். அடுத்து தாய்மாமன் வரி. வம்சாவளி நோட்டில் பெண்களுக்கு இடமே இருப்பதில்லை. பெரியகருப்பன் மகன் ஆண்டி, ஆண்டி மகன் பெரியகருப்பன் என்று ஆண்கள் ஆண்களையே பெற்றுக்கொண்டு போவார்கள். மொய் நோட்டிலும் அம்மா பெயர் இராதுதான். ஆனால் அவள் அண்ணன் தம்பி பெயர், ஊரோடும் சீரோடும், எல்லாருக்கும் முன்னால் வந்துவிடும். வெள்ளலூர் என்றோ திருவாதவூர் என்றோ அங்கே எழுதியிருந்தால், அம்மா பிறந்த ஊர் கிடைத்துவிட்டது. தேடலை அங்கிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்கும் கீழே, பெயர்கள் வரும் வரிசை. ஒரே வேனில் வந்திறங்குகிறவர்கள் ஒன்றாகத்தான் மொய் டேபிளுக்கு வருவார்கள். கொட்டாம்பட்டி என்று அடுத்தடுத்து ஏழெட்டுப் பெயர் வந்து, நடுவில் மட்டும் ஒரு கருங்காலக்குடிக்காரர் இருந்தால், அவர் ஏன் அந்த வண்டியில் ஏறினார் என்ற கேள்வி ஒரு தனி ஆய்வுக்கு உரியது. பெரும்பாலும் கொட்டாம்பட்டியில் பெண் எடுத்தவராக இருப்பார்.

தேதி கிழிந்துபோன நோட்டு என்றால்? அதற்கும் வழி உண்டு. 2-8-0 என்று மூன்று கட்டமாகத் தொகை எழுதியிருந்தால் அது ரூபாய், அணா, பைக் கணக்கு. 1957 ஏப்ரல் 1இல் தசம நாணயம் வருவதற்கு முந்தியது என்று கொள்ளலாம். அதற்கு அப்புறமும் ஜனங்கள் எட்டணா, பன்னிரண்டணா என்றுதானே பேசினார்கள் என்பார்கள். பேசினார்கள். ஆனால் பந்தி முடிந்ததும் மொத்தம் கூட்டிக் காட்டவேண்டியவர் மொய் எழுதுகிறவர். அவர் வாய் எட்டணா என்றாலும் கை 50 பைசா என்று போடப் பழகிவிடும். ஓரிரு வருஷம் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான். லை, னை எழுத்துகள் பழைய தும்பிக்கையோடு வருகின்றனவா என்றும் பார்ப்பார்கள். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். இந்தச் சான்றை மட்டும் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஓய்வுபெற்ற வாத்தியாரைத்தான் மொய் எழுத உட்காரவைப்பார்கள். அவர் 1990லும் தும்பிக்கையை விட்டிருக்கமாட்டார். அது நோட்டின் வயதைவிட வாத்தியாரின் வயதையே காட்டும். பெரியகருப்பன் சிக்கலும் இப்படித்தான் அவிழ்கிறது: 2-8-0 எழுதிய பெரியகருப்பனும் 101 ரூபாய் எழுதிய பெரியகருப்பனும் ஒரே ஆளாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

மறுப்பாளர்களின் பலமான வாதம் வேறு. மொய் எழுதுகிறவர்களெல்லாம் சொந்தக்காரர்களா? பால்காரர், பக்கத்துக் கடைக்காரர், கட்சிக்காரர் என்று ஊரே எழுதுகிறதே? உண்மைதான். ஆனால் ஒரு நோட்டை வைத்து முடிவு கட்டச் சொல்லவில்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி என்று ஒரே வீட்டின் நோட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கட்சிக்காரர் தேர்தலுக்குத் தேர்தல் மாறிப்போவார். சொந்தக்காரர் சண்டை போட்டுக்கொண்டுகூட வந்து எழுதுவார். வந்துகொண்டே இருந்த ஒரு பெயர் திடீரென்று நின்றுபோயிருந்தால் அது இன்னும் உயர்ந்த சான்று. ஒன்று அவர் இறந்திருக்க வேண்டும், அல்லது வரப்புத் தகராறு வந்திருக்க வேண்டும். முதலாவதற்கு இறப்புப் பதிவேடும் இரண்டாவதற்கு மேலூர் நீதிமன்றமும் இருக்கின்றன.

இப்போது பல மண்டபங்களில் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. பெயர், ஊர், தொகை, செல் நம்பர் சொன்னால் சீட்டு அடித்துக் கையில் கொடுக்கிறார்கள். அடித்தல் திருத்தல் கிடையாது, செய்முறை திரும்பிப் போனதும் பேனாவால் போட்ட குறுக்குக் கோடும் கிடையாது. எதிர்கால ஆய்வாளருக்கு இது நஷ்டமே. ஆகவே பழைய நோட்டுகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று இப்போதே விசாரித்துவைப்பது நல்லது. பெரும்பாலும் பாகப்பிரிவினையில் திருப்பிச் செய்யும் கடனையும் சேர்த்து ஏற்றுக்கொண்ட மூத்தவர் வீட்டில் இருக்கும். கேட்கப் போகிறவர், தம் வீட்டு நோட்டை முதலில் புரட்டி, அந்த வீட்டுக்குத் தம் பக்கத்திலிருந்து பாக்கி ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு புறப்படுவது முறையியல் ரீதியாகப் பாதுகாப்பானது.